குருவித் திருக்கை

போடிநாயக்கனூர்ச் சந்தைக்கும் அங்கிருந்து ஏலத்தோட்டக் குடியிருப்புகளுக்கும் திருக்கை கருவாடாகத்தான் வந்து சேர்கிறது. துண்டு போட்டு உப்பேற்றிக் காயவைத்ததைப் பார்த்து, இது பறந்த மீன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கடற்கரையிலோ அதில் ஒரு வகைக்குப் பெயரே குருவித் திருக்கை.

பல திருக்கைகள் தரை மணலில் புதைந்து கிடக்கும். இது பக்கத் துடுப்பு இரண்டையும் மேலும் கீழும் அடித்தபடி நடுநீரில் போகும், கூட்டமாகத் திரியும், சிலசமயம் தண்ணீரைவிட்டே எம்பும். கரிய முதுகெங்கும் வெண்புள்ளி, வாத்தின் அலகுபோல் நீண்ட முகவாய், உடலைவிட நீளமான வால், வாலடியில் விஷமுள். நன்கு வளர்ந்தால் அகலம் 2 மீட்டரைத் தாண்டும்.

மலையடிவாரத்தில் குருவி என்றால் உள்ளங்கைக்குள் அடங்குவது. தையல்காரக் குருவிக்கு 10 கிராம் எடைகூடத் தேறாது. குரல் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும். பெட்டை அகன்ற இலையின் ஓரங்களை ஊசி அலகால் துளைத்து, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் கோத்து இழுக்கும். துளையின் மறுபக்கம் இழை பிரிந்து விரிவதால் முடிச்சு இல்லாமலே தையல் நிற்கும். இலவம்பஞ்சுக்குப் பெயர்போன போடியில் அதற்கு நூல் தட்டாது.

இவ்வளவு சிறியதன் பெயர் அவ்வளவு பெரிய மீனுக்கு எப்படிப் போனது?

மேலைநாட்டார் இந்த வகை மீனில் கழுகைக் கண்டார்கள். 1758இல் லின்னேயஸ் அதன் உறவினம் ஒன்றுக்கு ‘அக்குயிலா’ என்று பெயரிட்டார், லத்தீனில் கழுகு. ‘ஏட்டோபேட்டஸ்’ என்னும் பேரினப் பெயரிலும் கிரேக்கக் கழுகு இருக்கிறது. தமிழில் குருவி சின்னஞ்சிறு பறவையோடு நின்றுவிடவில்லை. சங்க இலக்கியத்தில் அது ‘குரீஇ’. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ‘குரீஇப்பூளை’ என்று ஒரு செடிக்கும் போய் ஒட்டிக்கொண்டது. கௌதாரியும் காடையும் பிடித்தவர்களுக்கும் குருவிக்காரர் என்றே பெயர். பறப்பதற்கெல்லாம் பொதுப்பெயராகும் தெம்பு அந்தச் சொல்லுக்கு இருந்தது. மீனவர் பார்த்தது உருவத்தின் அளவை அல்ல, சிறகடிப்பை. கழுகு பெரும்பாலும் சிறகை விரித்தபடி மிதப்பது. கூட்டமாகப் படபடப்பது குருவிதான். அந்த வகையில் தமிழ்ப் பெயரே பொருத்தம்.

ஒரே சிக்கல், புள்ளியில்லாத நெருங்கிய இனங்களையும் கரையில் குருவித் திருக்கை என்பார்கள். அதற்காகக் ‘கழுகுத் திருக்கை’ என்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ‘புள்ளிக் குருவித் திருக்கை’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் போதும். மீன்வளப் பாடநூல்களும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.