மஞ்சள் ரோஜாவின் இரு பிறப்புகள்: லியோன் நகரும் ஒரு நிறத்தின் வரலாறும் (1883–1920)

நவீன மஞ்சள் ரோஜா 1900இல் பிறந்தது என்று தோட்டக்கலை நூல்கள் பெரும்பாலும் எழுதுகின்றன. பிரான்சின் லியோன் நகரை அடுத்த வெனிசியூவில் நாற்றுப்பண்ணை நடத்திய ஜோசப் பெர்னே-டுஷே, 'சோலெய் தோர்' என்ற ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு அது. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் ஒரு நிறம் ஒரு செடியில் தோன்றுவது வேறு, அது வழிவழியாகக் கைமாறும் நிலைக்கு வருவது வேறு. முதலாவதற்கு விடாமுயற்சியோடு வாய்ப்பும் கூடிவந்தால் போதும். இரண்டாவதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. அந்த வாழ்நாளை அளவுகோலாகக் கொண்டால், தீர்மானமான ஆண்டு 1900 அன்று, 1920 என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மஞ்சளுக்கு முன்

ஐரோப்பியத் தோட்டங்களின் பழைய ரோஜாக்களான காலிக்கா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா ஆகியவற்றில் வெள்ளை உண்டு, இளஞ்சிவப்பு உண்டு, கருஞ்சிவப்பு உண்டு, மஞ்சள் இல்லை. மஞ்சள் என்றால் அது மேற்காசியாவிலிருந்து வந்த செடிகளில்தான். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் பணியாற்றிய தாவரவியலாளர் குளூசியுஸ் அவற்றை மேற்கு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அவற்றுள் கந்தக ரோஜா எனப்பட்டது அடுக்கிதழ் கொண்டது, அழகானது. ஆனால் ஈரமான வானிலையில் மொட்டு விரியாமலே அழுகிவிடும். மற்றொன்று 'ரோசா ஃபெட்டிடா'. இதன் இதழ்கள் பளிச்சென்ற மஞ்சள். மணமோ பலருக்கும் பிடிக்காதது. கோடையின் தொடக்கத்தில் ஒருமுறை பூத்தால் அடுத்த ஆண்டுவரை பூக்காது. இதன் அடுக்கிதழ் வடிவமான 'பெர்ஷியன் எல்லோ'வை, பாரசீகத்தில் தூதராக இருந்த ஹென்றி வில்லாக் 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்.

கிழக்கிலிருந்து வேறொரு மஞ்சளும் வந்திருந்தது. லண்டன் தோட்டக்கலைக் கழகத்துக்காகச் சீனாவுக்குச் சென்ற ஜான் பார்க்ஸ் 1824இல் ஒரு மஞ்சள் டீ ரோஜாவுடன் திரும்பினார். அதன் வழியில் வந்தவற்றுள் 1864இல் வெளியான 'மாரெஷால் நீல்' பெரும்புகழ் பெற்றது. இந்த டீ ரோஜாக்களின் மஞ்சள் மென்மையானது. மொட்டில் செறிவாக இருக்கும், மலர மலர வெளிறிவிடும். குளிரையும் இவை தாங்கவில்லை. வட ஐரோப்பாவில் இவற்றைக் கண்ணாடிக் கூடங்களில்தான் வளர்க்க முடிந்தது.

வெளிறாத மஞ்சள் பெர்ஷியன் எல்லோவில் இருந்தது. ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்பு வேறு குலத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஆகிவிடும் என்பது அக்காலத்தில் யாருக்கும் தெரிந்த யோசனைதான். சேர்க்க முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

லியோனில் ஒரு பிடிவாதம்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் லியோன், ரோஜாத் தொழிலின் தலைநகராகவே இருந்தது. கீயோ, லாஷார்ம், டுஷே ஆகிய பண்ணைக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் அது. முதல் 'ஹைப்ரிட் டீ' என்று பின்னாளில் போற்றப்பட்ட 'லா ஃப்ரான்ஸ்' 1867இல் கீயோவின் பண்ணையிலிருந்துதான் வந்தது. ஆனால் அன்றைய வழக்கம், தேனீயும் காற்றும் கலந்துவிட்ட விதைகளைக் கொத்தாக விதைத்து, முளைத்தவற்றில் நல்லதைப் பொறுக்குவதாகவே பெரிதும் இருந்தது. பெற்றோரை முன்கூட்டியே முடிவுசெய்து கையால் மகரந்தம் சேர்க்கும் முறையை, ஆவணத்தோடு தொடர்ந்து செய்துகாட்டியவர் ஆங்கிலேயரான ஹென்றி பென்னெட். 1879இல் அவர் பத்து புதிய ரோஜாக்களைத் தாய், தந்தைப் பெயர்களுடன் வெளியிட்டார். லியோனின் பண்ணையாளர்கள் அதை ஆர்வத்தோடு கவனித்தார்கள்.

1859இல் வில்யர்பானில் ரோஜா வளர்ப்பவரின் மகனாகப் பிறந்த ஜோசப் பெர்னே, தொழில் கற்றுக்கொண்டு, காலமான கிளோத் டுஷேயின் மனைவி நடத்திவந்த பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அக்குடும்பத்து மகளையே மணந்து, தம் பெயருடன் மனைவியின் குடும்பப் பெயரையும் இணைத்துக்கொண்டார். 1883இலிருந்து 1888வரை, பருவம் தவறாமல், ஹைப்ரிட் பெர்பெச்சுவல் வகை ரோஜாக்களைத் தாயாக வைத்து பெர்ஷியன் எல்லோவின் மகரந்தத்தைச் சேர்த்தார்.

இந்த வேலையின் நுணுக்கம் வெளியாருக்குத் தெரிவதில்லை. தாய்ப்பூ விரியும் முன்பே இதழ்களைக் களைந்து, மகரந்தத் தாள்களைக் கத்தரித்துவிட வேண்டும். சூல்முடி பிசுபிசுக்கும் நேரம் பார்த்து மகரந்தத்தைத் தடவி, வேறு மகரந்தம் படாதபடி மூடிக் குறிப்புச்சீட்டுக் கட்ட வேண்டும். காய் பழுக்க மாதங்கள் ஆகும். விதை குளிரில் கிடந்த பின்னரே முளைக்கும். முளைத்தது பூப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள். பெர்ஷியன் எல்லோ விஷயத்தில் இதற்கும் மேலான தடையொன்று இருந்தது: அதன் மகரந்தத்தில் பெரும்பகுதி வீரியமற்றது. ஆயிரக்கணக்கான பூக்களில் சேர்த்தும் காய் பிடிக்கவில்லை. 'அந்துவான் டுஷே' என்ற செந்நிற ரோஜா மட்டும் சில விதைகளைத் தந்தது.

அந்த விதைகளிலிருந்து வந்த ஒரு செடி 1891இல் பூத்தது. வெளிப்புறம் இளஞ்சிவப்பு, உள்ளே மஞ்சள் கலந்த பாதி அடுக்குப் பூ. ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தது. இத்தனை ஆண்டு உழைப்புக்கு இதுதானா என்று வேறொருவர் அதைப் பிடுங்கி எறிந்திருக்கக்கூடும். பெர்னே அதை நட்டு வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1893இல், அச்செடியைக் காண வந்த ஒருவருடன் அங்கே நின்றபோது, அதன் அருகிலேயே தானாக முளைத்திருந்த வேறொரு நாற்று முதன்முறையாகப் பூத்திருப்பதைக் கண்டார். அடுக்கடுக்கான இதழ்கள், ஆரஞ்சு மஞ்சளில் சிவப்பு ஓடிய நிறம். அதுதான் சோலெய் தோர்.

இந்நிகழ்வை வெறும் அதிர்ஷ்டமாகச் சொல்லிப்போவது வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய மரபியல் அறிவோடு பார்த்தால் அந்த இரண்டாம் நாற்றுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. ரோஜாவில் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பு ஒடுங்கு பண்பு. பூப்பதை அடக்கிவைக்கும் ஒரு மரபணு சீன ரோஜாக்களின் வழியில் செயலிழந்ததால் வந்தது அது என்று 2012இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஒருமுறை மட்டும் பூக்கும் காட்டு ரோஜாவோடு கலந்தால் முதல் தலைமுறை அநேகமாக ஒருமுறைதான் பூக்கும். 1891இன் செடி அப்படித்தான் இருந்தது. இழந்த பண்பு இரண்டாம் தலைமுறையில் திரும்பும். ரோசா ஃபெட்டிடாவுக்கு நான்கு தொகுதி குரோமோசோம்கள், மொத்தம் 28. தாயும் அப்படியே நான்கு தொகுதி கொண்டிருந்து, அதில் அந்த மரபணு முழுக்கச் செயலற்றிருந்தது என்று கொள்வோம். முதல் நாற்று தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருந்தால் மீண்டும் பூக்கும் செடி 36இல் 1 என்ற விகிதத்திலும், பக்கத்துப் பாத்தியின் மறுபூக்கும் ரோஜாவின் மகரந்தம் பட்டிருந்தால் 6இல் 1 என்ற விகிதத்திலும் வரும். சோலெய் தோர் ஓரளவு மறுபூக்கும் இயல்புடையது என்பது, அது முதல் நாற்றின் விதையிலிருந்து வந்தது என்ற வழக்கமான கூற்றோடு நன்றாகப் பொருந்துகிறது. பண்ணை நிறைய மறுபூக்கும் ரோஜாக்கள் நின்ற இடத்தில், குறையுள்ள முதல் செடியைத் தக்கவைத்த முடிவே இதைச் சாத்தியமாக்கியது. மெண்டலின் விதிகள் உலகுக்கு மீண்டும் தெரியவந்ததும் 1900இல்தான். பெர்னே அவற்றை அறியாமலே இரண்டாம் தலைமுறைவரை காத்திருந்தார்.

இருபது ஆண்டு இடைவெளி

1898இல் லியோன் தோட்டக்கலையாளர்கள் முன் காட்டப்பட்டு, 1900இல் விற்பனைக்கு வந்த சோலெய் தோர் பெரும் வியப்பை உண்டாக்கியது. ஆனால் அது தூய மஞ்சள் அன்று; விதையும் அரிதாகவே பிடித்தது. தூரத்து உறவுள்ள இரு குலங்களின் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று சரியாக இணைசேராதபோது வரும் மலட்டுத்தன்மை அது. அதை வாங்கிய பிற வளர்ப்பாளர்களுக்கு அழகான ஒரு முட்டுச்சந்துதான் கிடைத்தது. வழியை மீண்டும் பெர்னேயே திறக்க வேண்டியிருந்தது.

ஹைப்ரிட் டீ ரோஜாக்களோடு சோலெய் தோரைத் திரும்பத் திரும்பக் கலந்தார். 1907இல் பவளச் சாயல் கொண்ட 'லியோன் ரோஸ்' வந்தது. 1910இல் வந்த 'ரேயோன் தோர்' சிவப்புச் சாயல் நீங்கிய தெளிந்த மஞ்சள். 1913இல் தீக்கொழுந்து நிறத்தில் 'மதாம் எதுவார் எரியோ'. லண்டன் கண்காட்சியில் 'டெய்லி மெயில்' நாளிதழ் வைத்த பரிசை வென்றதால் அந்த இதழின் பெயரையும் அது சுமந்தது. இந்தப் புதிய நிறங்களின் அடிப்படை எளிது. ஃபெட்டிடா தந்தது இதழணுக்களின் கணிகங்களில் தங்கும் கரோட்டினாய்டு. பழைய ரோஜாக்கள் தந்தது அணுச்சாற்றில் கரையும் ஆந்தோசயனின். ஒரே இதழில் இரண்டும் கூடியபோது ஆரஞ்சு, செம்பு, பவளம், பாதாமி என ரோஜாவில் அதுவரை அரிதாக இருந்த வண்ணங்கள் பிறந்தன. இவ்வகைக்கு அவர் பெயராலேயே பெர்னேஷியானா என்று பெயர் வழங்கியது.

பிறகு போர். பெர்னேயின் மகன்கள் கிளோதியுஸ், ஜார்ஜ் இருவரும் முதல் உலகப் போரில் மாண்டார்கள். பண்ணையை ஏற்க வேண்டியவர்கள் அவர்கள். 1920இல் அவர் வெளியிட்ட ரோஜாவின் பெயர் 'சுவெனிர் த கிளோதியுஸ் பெர்னே', கிளோதியுஸ் பெர்னேயின் நினைவு. மறு ஆண்டு ஜார்ஜின் பெயரில் மற்றொன்று.

மூத்தவன் பெயர் பெற்ற அந்த ரோஜாவே என் வாதத்தின் மையம். சிவப்புக் கறை இல்லாத செறிந்த மஞ்சள், ஹைப்ரிட் டீயின் நீண்ட மொட்டு, நல்ல மறுபூப்பு; எல்லாவற்றுக்கும் மேலாக, அது கருவளம் உள்ளது. அதன் தாயான 'கான்ஸ்டன்ஸ்' ரேயோன் தோரின் மகள். இத்தனை தலைமுறை கடந்த பிறகுதான் பாரசீகத்தின் மஞ்சள், எந்த வளர்ப்பாளரும் தம் பண்ணையில் எடுத்துப் புழங்கக்கூடிய வடிவத்துக்கு வந்தது. பத்தாண்டுக்குள் அதன் வாரிசுகள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பூத்தன. 'ஒஃபீலியா'வோடு கலந்து 1929இல் அமெரிக்காவில் வந்த 'டாலிஸ்மன்' அவற்றுள் ஒன்று. பெர்னே 1928இல் காலமானார். 1930களில் பெர்னேஷியானா என்ற தனிவகைப் பெயரே வழக்கொழிந்து, ஹைப்ரிட் டீயோடு கலந்துவிட்டது. எந்த ஹைப்ரிட் டீயிலும் அந்த ரத்தம் ஓடத் தொடங்கியதற்கு அதுவே சான்று.

நிறத்தோடு வந்த நோய்

கிடைத்தது நிறம் மட்டுமன்று. பெர்னேஷியானாக்களின் இலைகள் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாயின. கோடை முடிவதற்குள் செடி மொட்டையாக நின்றது. ஸ்வீடனில் 1815இலேயே பதிவான பூஞ்சை அது, பெர்னே கொண்டுவந்ததன்று. இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் அதன் வித்துகள் முளைத்து உள்ளே புகும். வறண்ட மேட்டுநிலங்களில் வளர்ந்த ஃபெட்டிடாவுக்கு அதை எதிர்க்க வேண்டிய தேவை இருந்திருக்காது. மழை மிகுந்த ஐரோப்பாவில் அந்தக் குறை வெளிப்பட்டது.

பழியைக் காட்டுச்செடி மீது சுமத்துவது நியாயமில்லை. கலப்பினத்தில் வேண்டாத பண்பு வருவது இயல்பு. அதைக் கழித்துவிடுவதுதான் வளர்ப்பாளரின் கடமை. அன்றைய கண்காட்சிகள் வெட்டிய பூவைப் பெட்டியில் அடுக்கி மதிப்பிட்டன. இலை எப்படி இருந்தது என்று பார்க்க வாய்ப்பே இல்லை. பாரிஸின் பகாடெல் பூங்காவில் 1907இல் தொடங்கிய போட்டி செடியையே நட்டுப் பார்த்தது என்றாலும், சந்தையை ஆண்டது பூவின் நிறம்தான். பின்னர் பூஞ்சைக்கொல்லிகள் மலிவாகக் கிடைத்ததும் குறையைத் திருத்தும் அவசரம் போய்விட்டது. ஜெர்மனியின் ஏ.டி.ஆர். ரோஜாச் சோதனையில் மருந்து தெளிப்பது முற்றாக நிறுத்தப்பட்டது 1997இல்தான். சோலெய் தோருக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

இதற்கிடையே நல்ல திருத்தங்களும் நடந்தன. லியோனை அடுத்த தாசேனில் ஃப்ரான்சிஸ் மேயாங் 1935இல் செய்த கலப்பில் பிறந்தது 'பீஸ்'. அதன் மூதாதையரில் சுவெனிர் த கிளோதியுஸ் பெர்னேயும் உண்டு. இளமஞ்சளில் ஓரம் சிவந்த பெரிய பூவும் தடித்துப் பளபளக்கும் இலையும் கொண்ட அந்த ரோஜாவுக்கு 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் பசடேனாவில் சமாதானம் என்ற பொருளில் பெயர் சூட்டினார்கள். போரில் இறந்த மகனின் பெயர் கொண்ட பூவின் வழித்தோன்றலுக்கு அந்தப் பெயர் அமைந்ததை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. 1983இல் டேவிட் ஆஸ்டின், பழைய ரோஜாக்களின் கிண்ண வடிவத்தில் செறிந்த மஞ்சளாக 'கிரஹாம் தாமஸ்' ரகத்தைத் தந்தார். 2009இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதை உலகின் விருப்ப ரோஜாவாகத் தேர்ந்தது.

ஃபெட்டிடாவைச் சாராத பழைய பாதையும் அடைபட்டுவிடவில்லை. டீ ரோஜாக்களின் மூதாதையான 'ரோசா ஜிகான்டியா', 1882இல் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளில் கண்டெடுத்த பெருங்கொடி. கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் பல பதிற்றாண்டுகளாக இதைக் கொண்டே வெப்ப நிலங்களுக்கேற்ற ரோஜாக்களை உருவாக்கினார். அவருடைய 'கோல்டன் த்ரெஷோல்ட்' மஞ்சள் நிறக் கொடி ரோஜா. லியோனுக்குப் பொருந்தியது நமக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை இந்த முயற்சி காட்டுகிறது.

பென்னெட்டும் பெர்னேயும் சாதித்ததற்கு அடிப்படை, எந்தச் செடி எதன் பிள்ளை என்று எழுதி வைத்ததுதான். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளிலோ பல செடிகள் 'மஞ்சள் ரோஜா' என்ற ஒற்றைப் பெயரில் விற்கப்படுகின்றன. ரகத்தின் பெயர், உருவாக்கியவர், பெற்றோர் இம்மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதித் தொட்டியோடு கொடுங்கள் என்று பண்ணையாளர்களை வேண்டுகிறேன். வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்குங்கள்; கூடவே பூவைப் பார்க்கும் முன் அடியிலைகளைப் பாருங்கள்.