குளிர்காய நட்ட மரங்கள்

விறகு என்றவுடன் திருப்பூர் வட்டாரத்து மாணவர்க்கு நினைவுக்கு வருவது சாயப்பட்டறையின் கொதிகலன். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றவும், துணியைப் பதப்படுத்தவும் நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். ஆனால் நான் இன்று சொல்லப்புகுவது மனிதர் குளிர்காய எரித்த விறகின் வரலாறு. வெயில் காயும் கொங்கு நாட்டில் குளிர்காய விறகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பழைய கோயமுத்தூர் மாவட்டம் திருப்பூரை மட்டுமன்றி, நீலகிரி மலையையும் தன்னுள் கொண்டிருந்தது என்பதை நினைவிற்கொள்க.

ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் உள்ளது உதகை. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்நுனியில் உறைபனி வெள்ளையாய்ப் படியும். தோடரும், கோத்தரும், படகரும் இக்குளிரில் பல தலைமுறை வாழ்ந்தவர்கள். தோடர் குடிலின் வாயில், தவழ்ந்து நுழையத்தக்க அளவே உடையது. உள்ளே சிறிய அடுப்பு. வெப்பம் வெளியேறாத வீட்டுக்குச் சிறு நெருப்பே போதும். உதிர்ந்த சுள்ளியும் பட்ட மரமும் அவர்கள் தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்தன.

1819ஆம் ஆண்டு கோயமுத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறினார். அவரைத் தொடர்ந்து வெள்ளையரின் மாளிகைகள் எழுந்தன. படைவீடுகளும் விடுதிகளும் தோன்றின. உயர்ந்த கூரை, அகன்ற அறை, அறைக்கு ஒரு கணப்படுப்பு எனத் தம் நாட்டு முறையில் கட்டினார்கள். ஒரு குடிலுக்குப் போதிய விறகு, ஒரு மாளிகையின் ஒரே அறைக்கும் போதாது.

விறகைச் சேமிப்பதும் எளிதன்று. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. அதனை எரித்தால் நெருப்பின் ஆற்றல் நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும். புகை மிகும், வெப்பம் குறையும். நீலகிரியிலோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வரும். மழை ஓய்ந்ததும் குளிர் வந்துவிடும். ஆதலின் கோடையிலேயே மரத்தை வெட்டிப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கூரையின்கீழ் வைத்தல் வேண்டும். ஓராண்டின் குளிருக்கு முன் ஆண்டின் வெயிலைச் சேமிப்பது போன்றது அது.

இவ்விறகெல்லாம் எங்கிருந்து வந்தது? சோலைகளிலிருந்து வந்தது. நீலகிரியின் மேட்டுநிலத்தில் பரந்த புல்வெளியும், மடிப்புகளில் சிறுசிறு சோலைக்காடுகளும் இயற்கையாக அமைந்தவை. சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. கோடரி விரைந்தது, மரம் விரையவில்லை. நகரைச் சூழ்ந்த சோலைகள் அழியலாயின.

அப்பொழுது ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவை நோக்கினார்கள். அங்கிருந்து சீகை வந்தது. 1843இல் காட்டன் என்னும் படைப்பொறியாளர் கற்பூர மரத்தைக் கொணர்ந்தார். தைல மரம் என்று நாம் அழைப்பதும் இதனையே. 1856 முதல் விறகுக்காகவே இம்மரத்தை முறைப்படி தோப்பாக்கினர். சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக கிளெக்கான் என்னும் மருத்துவர் அமர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். கற்பூர மரம் விரைந்து வளர்ந்தது. வெட்டிய அடிமரம் மீண்டும் தழைத்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வெட்டலாம். உதகையின் விறகுப் பஞ்சம் தணிந்தது. எஞ்சிய சோலைகள்மீது விழுந்த கோடரியும் ஓரளவு ஓய்ந்தது. இந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும், மரங்களை எங்கே நட்டார்கள்? பெரும்பாலும் புல்வெளியில்தான் நட்டார்கள். புல்வெளியைப் பயனற்ற வெற்றுநிலம் என்று அவர்கள் கருதினார்கள். அது மழையை உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்கும் பஞ்சு என்பதை எண்ணவில்லை. பிற்காலத்தில் உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் பகுதியில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதற் பத்தாண்டில் நட்ட பகுதியின் நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. அடிமரம் தழைத்த அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. சீகையோ நட்ட இடத்தில் நில்லாமல், தானே பரவிப் புல்வெளியை விழுங்கலாயிற்று. இன்று அதனை அகற்றப் பெரும்பொருள் செலவாகிறது.

இது மலைமேல் நிகழ்ந்தது, நமக்கென்ன என்று திருப்பூர் மாணவர் இருந்துவிட முடியாது. திருப்பூரின் குடிநீரில் ஒரு பகுதி பவானியாற்று நீர். பவானி நீலகிரியிலே பிறப்பது. மாயாறு முதலிய மலையாறுகளால் பெருகுவது. யாரோ ஒருவர் குளிர்காய நட்ட மரம், தலைமுறைகள் கடந்து, நம் வீட்டுக் குடத்தின் நீரோடு தொடர்புடையதாகிவிட்டது.

நம் கொதிகலன்களும் இன்று விறகு உண்கின்றன. சாயக்கழிவு நீரை ஆற்றில் விடாது ஆவியாக்கும் நிலையங்களுக்கும் நீராவி தேவை. ஓராற்றைக் காக்க ஒரு காட்டை எரிக்க நேருமோ என்னும் கேள்வி எழுகிறது. 1870களில் விறகுக்காகவே சென்னை மாகாணத்தில் பரப்பிய சீமைக் கருவேலம், இன்று கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்து நிற்பதை அறிவீர்கள். அதனை வெட்டி எரிப்பது ஒருவகையில் நன்மையே. ஆனால் ஆலைக்கு விறகு வேண்டும் என்பதற்காகவே அதனை வளரவிடுவோமானால், பழைய பிழை புதுப்பெயரில் திரும்பும்.

மரம் நடுதல் நற்செயல் என்று பள்ளியில் கற்கிறோம். அதனோடு மூன்று கேள்விகளையும் கற்றல் வேண்டும். எந்த மரம்? எந்த நிலத்தில்? அந்நிலத்தின் நீர் யாருக்குச் செல்கிறது? உதகையில் நட்டவர்கள் முதற் கேள்வியை மட்டுமே கேட்டார்கள், விறகு கிடைத்தது. மற்ற இரண்டையும் கேட்கும் கடமை நமக்கு எஞ்சியிருக்கிறது.