புவியீர்ப்போடு மல்லுக்கு நின்றவர்

பங்குச்சந்தைக்காரர் ஒருவர் புவியீர்ப்போடு சண்டைக்குப் போன கதை இது, நண்பர்களே!

அமெரிக்கரான ரோஜர் பாப்சன் (1875–1967), 1929 பங்குச்சந்தைச் சரிவை முன்கூட்டியே எச்சரித்துப் பேர் வாங்கியவர். இயற்பியல் அவர் தொழில் அல்ல. உடன்பிறந்தவள் ஒருத்தி ஆற்றில் மூழ்கி இறந்தாள். 1947-இல் பேரனும் அப்படியே போனான். அவர்களைக் கீழே இழுத்தது புவியீர்ப்புதான், அதுவே நம் முதல் எதிரி என்று எழுதினார். குடை வெயிலை மறைக்கிற மாதிரி, ஈர்ப்பை மறைக்கவும் ஒரு பொருள் கிடைக்கும் என்று நம்பினார். அதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி, கட்டுரைப் போட்டியும் வைத்தார்.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் 1953-இல் முதல் பரிசு வாங்கிய பிரைஸ் டிவிட், அப்படிப்பட்ட பொருளைத் தேடுவதே வீண் வேலை என்றுதான் எழுதியிருந்தார்! அதைப் படித்த இன்னொரு தொழிலதிபர் உதவ, டிவிட் தம்பதியர் சேப்பல் ஹில்லில் ஆய்வு மையம் அமைத்தனர். 1957-இல் அங்கே கூடிய மாநாட்டில், ஈர்ப்பலைகள் ஆற்றலைச் சுமந்து செல்லும் என்று ஃபைன்மன் வாதாடினார். 2015-இல் அந்த அலை நிஜமாகவே கருவியில் சிக்கியது.

பாப்சன் சில கல்லூரிகளுக்கு நன்கொடை தந்து கல்வெட்டும் நட்டார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அண்டவியலில் முனைவர் பட்டம் பெறுபவர் அந்தக் கல் முன்னே மண்டியிட, தலையில் ஆப்பிள் போடுவது வழக்கமாகிவிட்டது.

ஈர்ப்பை மறைக்கும் பொருள் கிடைக்கவில்லை. ஆனால், தன் நம்பிக்கையை மறுத்தவனுக்கே பரிசு கிடைக்க வழிவிட்டாரே, அங்கேதான் அந்த வியாபாரி விஞ்ஞானி ஆனார். நன்கொடை தருகிற நாமும் இதை நினைவில் வைப்போமே!