கார் கண்ணாடியைக் கையால் அழுத்தினால் இறங்காதது ஏன்? வார்ம் கியர் வேலை செய்வது இப்படித்தான்!

பவர் விண்டோ உள்ள காரில், பாதி ஏற்றிய கண்ணாடியைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். லேசாக ஆடும், ஆனால் இறங்காது. ஸ்விட்ச்சைத் தொட்டால் மட்டும் சர்ருனு இறங்கும். இதற்காகக் கதவுக்குள் தனியாகப் பூட்டு எதுவும் இல்லை. மோட்டாரோடு சேர்ந்திருக்கும் வார்ம் கியர்தான் கண்ணாடியைப் பிடித்து வைத்திருக்கிறது. கிட்டாரில் கம்பி எவ்வளவு இழுத்தாலும் முறுக்காணி தானாகத் தளராமல் இருப்பதும் இதே வேலைதான்.

வார்ம் கியர் என்றால் என்ன?

மொத்தமே இரண்டு பாகம்தான். போல்ட்டில் இருக்கிற மாதிரி மரை சுற்றிய தண்டு ஒன்று, அதுதான் வார்ம், அதாவது புழு. அந்த மரைக்குள் பல் பொருந்தி நிற்கும் சக்கரம் இன்னொன்று, அதன் பெயர் வார்ம் வீல். இரண்டின் அச்சும் ஒன்றுக்கொன்று குறுக்காக, பொதுவாக 90 டிகிரியில் இருக்கும்.

தண்டு ஒரு முழு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் அளவுதான் நகரும். சக்கரத்தில் 40 பல் இருந்தால், தண்டு 40 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரை இதில் மாட்டினால், மறுமுனையில் கிடைப்பது 36 சுற்றுதான். வேகம் குறைய, முறுக்கு விசை பல மடங்கு கூடும். சாதாரண பல்சக்கரங்களை வைத்து இதையே செய்ய இரண்டு, மூன்று ஜோடி தேவைப்படும், இடமும் அடைக்கும். இங்கே ஒரே ஜோடியில் வேலை முடிந்தது. சத்தமும் குறைவு.

ஏன் பின்னோக்கிச் சுற்றாது?

ஒரு பலகையில் செங்கல் வைத்து லேசாகச் சாய்த்தால், செங்கல் அப்படியே நிற்கும். இன்னும் சாய்த்தால்தான் வழுக்கும். மரையும் தண்டைச் சுற்றி வரும் ஒரு சாய்வுப் பலகை மாதிரிதான். சாய்வு குறைவாக இருந்தால், சக்கரம் எவ்வளவு தள்ளினாலும் உராய்வு தண்டைச் சுற்ற விடாது. சாய்வு கூடினால் சுற்றிவிடும்.

ஆனா, இந்த வசதி சும்மா வரவில்லை. பிடித்து நிறுத்தும் அதே உராய்வுதான் மோட்டாரின் சக்தியையும் தின்கிறது. முழுசாகப் பூட்டிக்கொள்ளும் வார்ம் கியரில், உள்ளே கொடுக்கும் 100 வாட்டில் 50 வாட்கூட வேலையாக வெளியே வராது. மீதி எல்லாம் சூடு. கண்ணாடி ஏற சில விநாடிதானே, அதனால் காரில் யாரும் கவலைப்படுவதில்லை. நாள் முழுக்க ஓடும் பெரிய கன்வேயரில் இதையே மாட்டினால், கரண்ட் பில் வரும்போதுதான் தெரியும். அந்த மாதிரி இடத்துக்கு ஹெலிகல் கியர்பாக்ஸ் தான் சரி.

தண்டில் இரண்டு, நான்கு என மரை அதிகம் வெட்டினால் சாய்வு கூடும், விரயமும் குறையும். ஆனால் பூட்டும் குணம் போய்விடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

லிஃப்ட்டில் இதை நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. "வார்ம் கியர்தான் பிடிச்சுக்குமே, பிரேக் எதுக்கு?" என்று பாரம் தூக்கும் இயந்திரத்தில் பிரேக்கை விட்டுவிடுவது ஆபத்து. அதிர்வு இருந்தால் பற்கள் மெல்ல மெல்ல வழுக்கும். ஒரு தடவை வழுக்க ஆரம்பித்தால் உராய்வு இன்னும் குறையும், பாரம் வேகமாக இறங்கும். வழவழப்பு அதிகமான ஆயிலுக்கு மாற்றினால்கூட நேற்று வரை நின்றது இன்று நகரலாம். பழைய லிஃப்ட்டுகளின் மெஷின் ரூமில் வார்ம் கியர்பாக்ஸ் உண்டு. ஆனால் கரண்ட் போனதும் லிஃப்ட்டை நிறுத்துவது அதிலுள்ள பிரேக்தான், கியர் இல்லை.

பராமரிப்பில் என்ன பார்க்க வேண்டும்?

மற்ற கியர்களில் பற்கள் பெரும்பாலும் உருண்டு செல்லும், இதில் தேய்த்துக்கொண்டே வழுக்கும். இரும்பும் இரும்பும் இப்படி உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தண்டை ஸ்டீலிலும் சக்கரத்தைப் பெரும்பாலும் பாஸ்பர் வெண்கலத்திலும் செய்கிறார்கள். தேய வேண்டியது சக்கரம்தான். கெட்டியான கியர் ஆயில் வேண்டும். அதிலும் கந்தகச் சேர்மம் அதிகமுள்ள சில ஆயில்கள் வெண்கலத்தை அரிக்கும் என்பதால், கையில் கிடைத்ததை ஊற்றக்கூடாது. புது கியர்பாக்ஸில் முதல் ஆயில் மாற்றும்போது கொஞ்சம் மஞ்சள் தூள் மினுங்குவது சகஜம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் நிறைய வந்தால், சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பார்த்தே ஆகணும்.