ஊசி இல்லாமல் ஒரு கண் ஆஞ்சியோ

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை இல்லாத திசை குறைவு. வெடித்துத் தெறித்தது கண்ணில் அடித்தால், காயம் ஆறியதோடு விவகாரம் தீர்வதில்லை. அடியின் வேகத்தில் விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலம் கிழிந்திருக்கலாம். மாதங்களோ வருடங்களோ கழித்து, அந்தத் தழும்போரம் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைப்பதுண்டு. மெலிந்த குழாய்கள், நீர் கசியும், ரத்தமும் வடியும். முற்றிய சர்க்கரை நோயிலும் விழித்திரையில் இப்படிக் குழாய்கள் கிளம்பும், காரணம் வேறு.

1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் தன் கருவியை அறிவித்த பிறகுதான் உயிருள்ள கண்ணின் உட்புறத்தை மருத்துவர்களால் பார்க்க முடிந்தது. கசிவைப் படம்பிடிக்க இன்னும் நூறாண்டு ஆனது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரு மாணவர்கள் ஃப்ளோரசின் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றி, நீல ஒளியில் விழித்திரையைப் படமெடுத்தார்கள். இதுதான் கண் ஆஞ்சியோ. முதல் ஊசி யாருக்கு என்று நாணயம் சுண்டினார்களாம்; ஆல்விஸ் மாட்டிக்கொண்டார். கண் மருத்துவ இதழ் ஒன்று திருப்பி அனுப்பிய அவர்கள் கட்டுரை, 1961இல் இதய மருத்துவ இதழான 'சர்குலேஷன்'இல் வந்தது!

ஏற்றிய சாயம் பத்துப் பதினைந்து நொடியில் கண்ணுக்கு வந்துவிடும். சிலருக்குக் குமட்டும். தோல் மஞ்சள் பூக்கும், சிறுநீரும் நிறம் மாறும். அரிதாக ஒவ்வாமை உயிரோடு விளையாடிவிடும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். எட்டயபுரம் அருகே வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பெயர் வாங்கித் தந்தது கண்புரை அறுவை. விழித்திரைப் பிரிவை வளர்த்தவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி. புரையை டார்ச் அடித்தே கண்டுகொள்ளலாம். விழித்திரைக்கு அது போதாது, படம் வேண்டும்.

1991இல் ஓ.சி.டி. ஸ்கேன் வந்தது. ஒளியாலேயே விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் கருவி. 2010களில் அதிலிருந்து ஓ.சி.டி. ஆஞ்சியோ பிறந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிடுகிறது. அசையாத திசு படத்துக்குப் படம் மாறாது. ரத்த அணு ஓடும் இடம் மட்டும் மாறும். அந்த வித்தியாசமே குழாய்களின் வரைபடம். ஊசியும் இல்லை, சாயமும் இல்லை, சில நொடிதான். ஆனால் கசிவை இது காட்டாது, கண் அசைந்தால் படம் கெடும். அதனால் பழைய ஊசிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பட்டாசில் கண் அடிபட்டவர்கள், பார்வை திரும்பிவிட்டாலும் மருத்துவர் சொன்ன தவணைக்குப் போய்விடுங்கள். நேரான கதவு நிலை வளைந்து தெரிந்தால் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள்.