சர்க்கார் சம்பளம், சொந்த யோசனை

பாட்டரி வைத்து ரேடியோ கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டரியோ அமிலம் நிறைந்த கனத்த பெட்டி. அடிக்கடி மின்சாரம் ஏற்ற வேண்டும். கம்பளத்தில் சிந்தினால் கம்பளம் போயிற்று. விளக்கெரியும் மின்சாரத்தையே ரேடியோவுக்கும் கொடுக்கலாமே என்றால், பாட்டோடு ஓர் ஓயாத இரைச்சலும் கூடவே வந்து சேரும்.

இதற்கு வழி கண்ட இருவர், அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்த பெர்ஸிவல் லோவலும் பிரான்ஸிஸ் டன்மோரும். அவர்களுக்கு இட்டிருந்த வேலை ஆகாய விமான ரேடியோ. வீட்டு ரேடியோவைப் பற்றி மேலதிகாரி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாங்களாகவே தொடங்கி, 1921 டிசம்பரில் முடித்துவிட்டார்கள். ஆனால் முடித்த இடம் சர்க்கார் ஆய்வுக்கூடம். காப்புரிமை அவர்கள் பெயரில். அதை வைத்துத் தொழில் நடத்தும் உரிமை டுபிலியர் கண்டென்ஸர் கம்பெனிக்கு. "சம்பளம் எங்களுடையது, உரிமையும் எங்களுடையதே" என்று சர்க்கார் கோர்ட்டுக்குப் போயிற்று.

ஆபீஸ் காகிதத்தில் கதை எழுதாத குமாஸ்தா எழுத்தாளன் உண்டோ? காகிதம் ஆபீஸுடையது என்பதால் கதையும் மானேஜருடையதாகிவிடுமா? எனக்கு இந்த வழக்கில் தனி அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் அதுதான்.

1933 ஏப்ரல் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவனை அமர்த்தினால் பலன் எஜமானனுக்கு. பொதுவாக ஆராய்ச்சிக்கு அமர்த்தியவன் தானாகக் கண்டது அவனுக்கே. எஜமானனுடைய கருவிகள் உதவியதால், அவன் கட்டணமின்றி அதை உபயோகித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதி ஸ்டோன் ஒப்பவில்லை. ஆராய்வதற்கே சம்பளம் வாங்கியவர்கள் ஆராய்ச்சியில் கிடைத்ததைத் தமக்கென்று வைத்துக்கொள்வது எப்படி நியாயமாகும் என்பது அவர் கேள்வி. கார்டோஸோவும் தலைமை நீதிபதி ஹ்யூஸும் அவர் பக்கம். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆயினும் என் மனம் ராபர்ட்ஸ் பக்கமே சாய்கிறது. கண்டதெல்லாம் தனக்கு வேண்டுமென்று நினைத்த எஜமானன், வேலைக்கு வைக்கும்போதே அதை எழுதி வாங்கியிருக்கலாமே! சர்க்காருக்கு வக்கீல்கள் பஞ்சமா?

பதினேழு வருஷம் கழித்து சர்க்கார் எழுதியே வைத்தது. 1950 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரூமன் போட்ட உத்தரவின்படி, ஆபீஸ் நேரத்தில் கண்டதும், சர்க்கார் கருவிகளைக் கொண்டு செய்ததும், உத்தியோகத்தோடு நேர்ச் சம்பந்தமுள்ளதும் பொது விதியாக சர்க்காருக்கே சொந்தம். லோவலும் டன்மோரும் அதற்குள் தப்பித்துக்கொண்டுவிட்டார்கள்.