லென்ஸ் இருக்கிறது, நெகட்டிவ் எங்கே?

பழைய லென்ஸுக்கு இப்போது நல்ல மவுசு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய டாக்குமாரையோ ஹெலியோஸையோ புது டிஜிட்டல் கேமராவில் மாட்டி, பின்னணி கரைந்தும் சுழன்றும் போகப் படம் எடுப்பது நம் வயதுக்காரர்களிடையே தனி ரசனையாகிவிட்டது. செமோர் மாதிரி ஊர்களில் இதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. தோட்டத்தில் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி வாத்தியாராகவோ ஆஸ்பத்திரி டிரெஸ்ஸராகவோ இருந்த ஒரு தாத்தா, ஒரு பெரியப்பா, ஒரு மாமா வாங்கிய கேமரா அலமாரியின் மேல்தட்டில் எங்காவது கிடக்கும். எனக்கு வந்தது தாய்மாமாவின் சூப்பர் டாக்குமார். 50 மில்லிமீட்டர், 1.4. ஈரம் பிடிக்காமல் இருக்க மைலோ டின்னில் அரிசிக்கு நடுவே வைத்திருந்தார்கள்.

இப்படி லென்ஸ் வந்த வீடுகளில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இதில் எடுத்த படங்கள் எங்கே? பெரும்பாலும் தெரியாது என்பார்கள். லயத்தைக் காலி செய்து தாமானுக்கு மாறியபோது போய்விட்டது, வெள்ளத்தில் போய்விட்டது, சும்மா கறுப்பு ஃபிலிம்தானே என்று யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். லென்ஸ் விற்கக்கூடிய பொருள், அதனால் பிழைத்தது. நெகட்டிவை யார் வாங்குவார்? இந்தக் கணக்கில் நாம் எதை இழந்தோம் என்று புரிய, தோட்டத் தமிழர்களும் கேமராவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பதைக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் கேமரா துரைமார்களுடையது. சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பகுதியைப் படமெடுத்து விற்றது. சுமத்ராவின் மேடானில் ஸ்டூடியோ வைத்திருந்த கிளைன்க்ரோத்தே என்ற ஜெர்மானியர், 1907 வாக்கில் மலாயா தீபகற்பத்துக்கென்றே ஒரு பெரிய ஆல்பம் வெளியிட்டார். ரயில், ஈயம், ரப்பர் எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டப் படங்களைப் பார்த்தால் மரங்கள்தான் கதாநாயகர்கள். மரத்தடியில் ஒருவர் கத்தியோடு நிற்பார். மரத்துக்கு வயது எழுதியிருப்பார்கள், நிற்பவருக்குப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். மரம் எவ்வளவு பருமன் என்று காட்ட நிறுத்திய அளவுகோல் மாதிரி இருக்கும்.

அடுத்து கேமரா அரசாங்கத்திடம் போனது. செமோர் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த 1948லேயே, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிந்துகொள்ள வேண்டும், படமும் கைநாட்டும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் இதன் ஆபத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். முகத்தையும் பெயரையும் ஒரே தாளில் ஒட்டிவிட்டால் மறைந்து வாழ்வது கஷ்டம் அல்லவா? நடுவில் மாட்டியவர்கள் மரம் வெட்டுகிறவர்கள். அட்டை இருந்தால் காட்டுக்காரனுக்குப் பயம், இல்லாவிட்டால் போலீஸுக்குப் பயம்.

என் பாட்டி வாழ்நாளில் எடுத்துக்கொண்ட முதல் படம் அந்த ஐ.சி. படம்தான். பேராக்கின் பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், இதே பதில் நிறைய வரும். கல்யாணத்துக்கு இல்லை, பிள்ளை பிறந்ததற்கு இல்லை. அடையாளம் காட்டுவதற்காக ஒரு முறை, அவ்வளவுதான். தாத்தா பாட்டிகள் பழைய படங்களில் ஏன் சிரிப்பதில்லை என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அதிகாரி முன்னால் நிற்கிற நிற்புதான் அவர்களுக்குத் தெரிந்த கேமரா நிற்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 கலவரத்துக்குப் பிறகு கடுமையாக அமலானபோது, அதே அட்டையின் நிறம் தலையெழுத்தாகிவிட்டது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர் குடியுரிமை இல்லாதவர், வேலை செய்ய பெர்மிட் வேண்டும். தலைமுறையாகத் தோட்டத்தில் கிடந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். கப்பலேறுவதற்கு முன் ஸ்டூடியோவுக்குப் போய் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்று ஆகப்போவது தெரிந்து எடுத்த படம் அது. பின்னால் தெரிவது ஸ்டூடியோக்காரரின் வரைந்த திரை. தோட்டம் அதில் இருக்காது.

இதற்கெல்லாம் பிறகுதான், தோட்டத்துக்குள்ளேயே சொந்தக் கேமராவோடு ஒரு தமிழர் நடமாடுவது நடக்கிறது. ஜப்பான் கேமராக்கள் அதற்கு வழி திறந்தன. ஆசாஹி பென்டாக்ஸ் 1957இல் வந்தது, நிக்கான் எஃப் 1959இல், பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் 1964இல். மரம் வெட்டும் குடும்பத்துக்கு இவை எட்டாத விலை. மாதச் சம்பள உத்தியோகத்தில் இருந்த கிராணியும் வாத்தியாரும் சீட்டுப் போட்டோ தவணையிலோ வாங்கினார்கள். பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில் தீமிதி, புந்தோங்கிலிருந்து குனோங் சீரோவுக்குப் போகும் தைப்பூச ரதம் எல்லாம் முதல்முறையாக உள்ளேயிருந்து பார்க்கப்பட்டன. ஒரு ரோலில் 36 படம். தீபாவளிக்குப் போட்ட ரோல் தைப்பூசம் தாண்டித்தான் முடியும். எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுத்திருப்பார்கள்.

மாமாவின் லென்ஸில் இருப்பது எம்42 என்கிற திருகு மரை. 42 மில்லிமீட்டர் விட்டம். 1949இல் டிரெஸ்டனில் செய்த கான்டாக்ஸ் எஸ் கேமரா மூலம் பரவியது, பிறகு சோவியத் யூனியனும் ஜப்பானும் அதையே எடுத்துக்கொண்டன. செமோர் காட்டில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிழக்கு ஜெர்மனியில் ஒரு மரை உருவாகி, பிற்பாடு நம் தோட்டத்து கிராணி கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த லென்ஸ் புதுக் கேமராவில் ஏன் பொருந்துகிறது என்பது எளிய விஷயம். பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். ஆகவே லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிமுக்கு 45.46 மில்லிமீட்டர் தூரம் வைத்தார்கள். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் 2008இலிருந்து வந்தபோது அந்தத் தூரம் சுருங்கியது. சோனியின் இ மவுன்ட்டில் 18 மில்லிமீட்டர்தான். மிச்சமிருக்கும் 27.46 மில்லிமீட்டரை வெறும் குழாய் ஒன்றால் நிரப்பிவிட்டால் போதும். அடாப்டர் என்பது அந்த வெற்றுக் குழாய்தான், உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதி கொடுத்துவிட்டு, லென்ஸின் பக்கத்தில் உள்ள விசையை எம் பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது. ஃபோக்கஸ் கையால்தான்.

அரிசியும் மைலோ டின்னும் மாமாவின் கண்ணாடியைக் காப்பாற்றின. பல பேருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நம்ம ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் நூல் நூலாகப் படரும், விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அழகான தோலுறைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிற முதல் எதிரி. தயவுசெய்து உறையைத் தனியாக வையுங்கள். இன்னொன்று, இந்த வகை டாக்குமார் லென்ஸில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. கதிரியக்கத்தால் கண்ணாடி வருஷக்கணக்கில் பழுத்துத் தேன் நிறமாகும். சில வாரம் வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்கும். பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பூதக்கண்ணாடி வேலை செய்து எதையாவது எரித்துவிடும்.

அந்தத் தேன் நிறத்தை வைத்துக்கொண்டுதான் எனக்கும் சில நண்பர்களுக்கும் சண்டை. வெயிலில் வைக்காதே, அந்த மஞ்சளில்தான் பழைய காலம் இருக்கிறது என்கிறார்கள். மாமா வாங்கியபோது கண்ணாடி தெளிவாக இருந்தது. மஞ்சள் பிறகு வந்த நோய். கைவிடப்பட்ட லயத்தையும் உடைந்த ஸ்டோரையும் அந்த நிறத்தில் எடுத்து அழகு பார்க்கிற படங்கள் எனக்குக் கூச்சமாக இருக்கின்றன. விடிகாலை கொசுவும் கடன் சீட்டும் அதில் எங்கே போயின? தவிர, என் கேமராவின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 75 மாதிரிதான் பார்க்கும். மாமா நின்ற அதே இடத்தில் நின்று அதே குடும்பத்தை எடுத்தால் இரண்டு ஓரத்து ஆட்களும் விழுந்துவிடுவார்கள்.

ஆனால் இதே லென்ஸுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். நெகட்டிவைப் படிக்க வைக்கலாம். ஃபிலிமின் 36 மில்லிமீட்டர் அகலத்தை என் சென்சாரின் 23.5க்குள் அடக்க, லென்ஸைச் சுமார் 33 மில்லிமீட்டர் முன்னே தள்ள வேண்டும். எம்42 நீட்டு வளையங்கள் 7, 14, 28 என்று மூன்றாகச் சேர்த்து விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. 28ஐப் போட்டு, மீதியை ஃபோக்கஸ் வளையத்தில் சரிசெய்துகொள்ளலாம். கைப்பேசித் திரையை வெள்ளையாக்கி, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி ஃபிலிமை நிறுத்தி, லென்ஸை 8க்கு மூடி, டைமரில் எடுத்தால் போதும். கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம். எந்த லென்ஸ் வழியாக வெளிச்சம் உள்ளே போனதோ, அதே லென்ஸ் வழியாகவே திரும்பி வருகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமானால் மஞ்சள் கண்ணாடிகூட இடைஞ்சல் இல்லை.

இதை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. அசிடேட் ஃபிலிம் தகரக் கூரைச் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டு வினிகர் வாசனை அடிக்கத் தொடங்கும். ஒரு சுருள் தொடங்கினால் கூட இருக்கிற சுருள்களும் பிடித்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வந்தால் அவற்றை முதலில் பிரித்து வைத்து, முதலில் படமெடுங்கள்.

மாமாவின் பழைய டைரிகளுக்கு நடுவே மூன்று சுருள் மிஞ்சியிருந்தன. ஒன்று ஒட்டிப்போய்விட்டது. மற்ற இரண்டில் பெரட்டுக் களம் இருக்கிறது, ஒரு காதுகுத்து இருக்கிறது. பின்னால் காந்தான் சுண்ணாம்புக் குன்று, சிமென்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிற இன்றைய உருவத்தில் இல்லாமல், தோள் நிறைந்து நிற்கிறது. களத்துப் படத்தில் பதினேழு பேர். ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துப் பதினான்கு பெயர் சொன்னார், யார் கப்பலேறினார்கள் என்பதையும் சேர்த்து. உறையின் மேல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் மூவர் பாக்கி. அவர்களைத் தெரிந்தவர் சுங்கை சிப்புட்டில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.